எண்பத்தேழு மீட்டர் தள்ளி நின்று

“எஞ்சின் சத்தம் சரிதானுங்க சார். ஆனா நான் எங்கீங்க நிக்கறேன்?”

கோயம்புத்தூரில் நண்பர் வீட்டு மாடி அறையில், மாதிரி ரயில்பாதைக்கு நான் பதிவு செய்த சத்தத்தை முதன்முறையாகக் கொடுத்து ஓட்டிக் காட்டிய அன்று டிரைவரண்ணா கேட்டது இது. மேட்டுப்பாளையம்–குன்னூர் நீராவி எஞ்சின்களில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அரை நிமிடம் கேட்டார். பிறகுதான் இந்தக் கேள்வி. எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார்: “சத்தம் என்னைக் கொண்டுபோய் எஞ்சினுக்குள்ள ரெகுலேட்டர் பக்கத்துல நிறுத்துதுங்க. கண்ணைத் தொறந்தா வண்டி அந்தக் கோடியில இத்துனூண்டா போகுது. ரெண்டும் ஒட்ட மாட்டேங்குதுங்களே.”

முப்பது வருடங்களுக்கு மேல் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குச் சத்தம் சேர்த்தவன் நான். காலடி, கதவு, வளையல், மழை, மாட்டு வண்டி என்று எஃபெக்ட்ஸ் அறையில் கழிந்த வாழ்க்கை. பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்று அங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை. காமிரா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ‘ரயில்’ என்று எழுதி ஒட்டிய ஒரே ஒரு டேப் இருந்தது. எழும்பூரிலிருந்து புறப்படும் மீட்டர்கேஜ் வண்டிக்கும் அதுதான், சென்ட்ரலிலிருந்து புறப்படும் பிராட்கேஜ் வண்டிக்கும் அதுதான். அதிலிருந்த விசில் நம் நாட்டு எஞ்சினின் விசிலே அல்ல. எடுத்துச் சொன்னால், ரயில் என்றால் ரயில்தான் என்று பதில் வரும். அந்த டேப்பை எத்தனையோ படங்களில் நானே ஓட்டியிருக்கிறேன். அது மனதில் முள்ளாகவே கிடந்தது. ஓய்வுக்குப் பிறகு நண்பர் கூப்பிட்டபோது உடனே பஸ் ஏறியதற்கு அதுதான் காரணம்.

நண்பர் நூற்பாலையில் மின்பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர். பதினான்கு அடி நீளம், ஐந்தடி அகலப் பலகையில் நீலகிரி மலைப்பாதையை எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காகக் கட்டியிருந்தார். தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,044 மில்லிமீட்டர். மீட்டர்கேஜுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நிஜப் பாதை 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளம் உள்ள 20 கிலோமீட்டரை மட்டும் அளவு மாறாமல் செய்வதென்றாலும் 230 மீட்டர் நீளப் பலகை வேண்டும். ஆகவே கல்லார், ஹில்குரோவ், குன்னூர் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மூலையில் கேத்தியைச் சின்னதாக வைத்திருந்தார். எஞ்சினுக்கு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. நீலகிரியின் எக்ஸ் வகை எஞ்சின்களைக் கட்டியது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. அதே தொழிற்சாலை அந்நாட்டின் ஃபுர்கா மலைப்பாதைக்கும் பல்சக்கர எஞ்சின்கள் கட்டிக் கொடுத்தது. ஃபுர்கா எஞ்சினின் மாதிரி கடையில் கிடைக்கிறது. அதை வரவழைத்து, மேல்கூட்டை மட்டும் நம் எஞ்சினின் உருவத்துக்கு மாற்றியிருந்தார். பார்க்க எல்லாம் இருந்தது. ஓடும்போது மட்டும் கைக்கடிகாரத்துக்குள் காது வைத்ததுபோல ஒரு மோட்டார் முனகல்.

அந்தக் காலத்து மாதிரி ரயில்களில் எஞ்சினுக்குள் சத்தம் வைப்பது கடினமாக இருந்ததற்குக் காரணம் எளிமையானது. தண்டவாளத்தில் எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறோமோ அவ்வளவு வேகம்; வண்டி நின்றால் மின்சாரமே இல்லை. நிஜத்தில் நிற்கும் எஞ்சின்தான் அதிகம் பேசும். சீறும், சொட்டும், பம்ப் அடிக்கும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறை வந்த பிறகு தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கிறது. அதன் மேலேயே கட்டளைகளும் போகின்றன. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு டிகோடர், அதற்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். மோட்டாரை ஓட்டுவதும் அதுதான், சத்தம் போடுவதும் அதுதான். நாங்கள் ஜெர்மனியின் ஈஎஸ்யூ நிறுவனத்து லோக்சவுண்ட் டிகோடரை எடுத்தோம். நாம் பதிவு செய்த ஒலியை அதில் ஏற்ற முடியும் என்பதற்காக.

ஆனால் முதலில் நண்பர் விலைக்கு வாங்கிய ஒரு ஒலிக்கோப்பைத்தான் போட்டிருந்தார். அதில் வேறு ஏதோ நாட்டு எஞ்சினின் விசில். கூடவே நிமிடத்துக்கு ஒரு தரம் நிலக்கரி அள்ளிப் போடும் சத்தம். நாங்கள் காட்டும் எஞ்சின் எண்ணெயில் எரிவது. அதில் அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய் பர்னருக்கென்று தனியாக ஒரு உறுமல் உண்டு. அடுப்பில் காற்று வேகமாகப் பாய்வதுபோல விடாமல் கேட்கும். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு மண்வெட்டிச் சத்தம் நாராசம். அன்றே அந்தக் கோப்பை அழித்துவிட்டு, மேட்டுப்பாளையத்துக்குப் புறப்பட்டோம்.

காலை 7.10 வண்டி. முதல் நாள் நான் எதையும் பதிவு செய்யவில்லை. ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனேன். மறுநாளிலிருந்து ஸ்டேஷன்களிலும், சாலை ரயில்பாதையை ஒட்டி வரும் இடங்களிலும் நின்று பதிவு செய்தேன். தண்டவாளத்தில் இறங்கிப் பதிவு செய்யக் கூடாது. அது குற்றம், ஆபத்தும்கூட. இதை இங்கே சொல்லக் காரணம், ஆர்வத்தில் இறங்கி நிற்பவர்களை அங்கே நிறையப் பார்த்ததுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை சமவெளி. எஞ்சின் சாதாரண எஞ்சினாக ஓடும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி மாறிமாறித் தள்ளும். ஆக, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு ‘சுஃப்’. இது இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொது. கல்லாரில்தான் சமாசாரமே மாறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் பட்டைகள் தொடங்குகின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். இதுதான் ஆப்ட் முறை. வண்டி நடைவேகத்துக்குக் குறைந்து, பற்சக்கரம் பட்டையைப் பிடிக்கும். பிடித்த பிறகு இன்னும் இரண்டு சிலிண்டர்கள் வேலைக்கு வருகின்றன. முதல் இரண்டில் வேலை முடித்த நீராவி வெளியே போகாமல் பற்சக்கரத்தைச் சுழற்றும் அடுத்த இரண்டுக்குப் போய், அங்கும் தள்ளிவிட்டுத்தான் புகைபோக்கிக்கு வருகிறது. இரண்டு முறை உழைத்துக் களைத்த நீராவி. அதன் மூச்சு கல்லாருக்கு முன்னால் கேட்ட கூர்மையான மூச்சு அல்ல. அடக்கமாக, கனமாக, நெருக்கமாக வரும். இந்த வேறுபாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொண்டு போகவில்லை. கல்லார் தாண்டியதும் காதில் விழுந்தது. டிரைவரண்ணாவிடம் கேட்டபோது இந்தக் காரணத்தைச் சொல்லி, “உங்களுக்குக் கேட்டுதுங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதிரி எஞ்சினில் இப்போது இரண்டு தொகுதி ‘சுஃப்’கள் இருக்கின்றன. கல்லார் தாண்டும்போது நண்பர் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றுவார்.

பல் கடிக்கும் சத்தம் ‘டக் டக்’ என்று கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டு பட்டைகளின் பற்களும் மாறிமாறி அமைந்திருப்பதால் பற்சக்கரத்தின் பிடி எந்தக் கணத்திலும் விடுவதில்லை. அது ஒரு தொடர்ந்த அரைப்பு. மாவு மில்லுக்கு வெளியே நின்று கேட்பதுபோல இருக்கும். சினிமாவில் இதற்கு நான் சங்கிலியை இழுத்துப் பதிவு செய்திருப்பேன், யாரும் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூச்சுகளைப் பதிவு செய்வதில் ஒரு விஷயம். ஒரே ஒரு நல்ல ‘சுஃப்’பை வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்பப் போட்டால் தையல் மிஷின் ஆகிவிடும். நிஜத்தில் ஒரு சுற்றின் நான்கு மூச்சும் நான்கு விதம். வால்வு தேய்மானம், பிஸ்டன் தண்டு இருக்கும் பக்கம் இல்லாத பக்கம் என்று ஒவ்வொன்றிலும் சிறு வேறுபாடு இருக்கும். நான்கையும் வரிசை மாறாமல் எடுக்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு தொகுதி, சமதளத்தில் ஒரு தொகுதி. இறக்கத்துக்கு ‘சுஃப்’பே வேண்டாம்; இறங்கும் வண்டியில் கேட்பது பிரேக்குகளின் முனகல். அதுவும் ஒரு இடத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கையால் பிரேக் போடுகிறார். ஒவ்வொரு கைக்கும் ஒரு அழுத்தம். மாதிரிப் பெட்டிகளில் இதை இன்னும் எங்களால் சரியாகச் செய்ய முடியவில்லை. ஒரே பெட்டியிலிருந்து எல்லா முனகலும் வருகிறது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எஞ்சினை 87-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கலாம். ஓசையை அப்படிச் சிறிதாக்க முடியாது. நீளத்தைக் குறைத்தால் தாளம் கெடும். அலைகளைச் சுருக்கினால் எஞ்சின் கீச்சிடும். சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் குறைத்தேன். அது பக்கத்து வீட்டு டிவியில் ரயில் ஓடுவதுபோல இருந்தது. டிரைவரண்ணா கேட்டதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். பலகையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர், அந்த உலகத்தில் 87 மீட்டர் தள்ளி நிற்கிறார். நான் மைக்கை எஞ்சினிலிருந்து இரண்டு மீட்டரில் வைத்துப் பதிவு செய்திருந்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரிலிருந்து 87-க்குப் போவதற்குள் சுமார் 33 டெசிபல் போய்விடுகிறது. அது மட்டுமா? தூரம் போகப் போகக் காற்றும் இலைகளும் கீச்சொலிகளைத் தின்றுவிடுகின்றன. நீராவியின் கூர்மையான சீறல் முதலில் மங்கும். எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பும் ஒலியின் பங்கு கூடும். பக்கத்தில் எடுத்த ஒலியை எவ்வளவு குறைத்தாலும் அது பக்கத்து ஒலிதான், காது ஏமாறாது.

மறுபடி மலை ஏறினேன். இம்முறை எஞ்சினிடம் போகவே இல்லை. சாலை வளைவுகளில், எண்பது தொண்ணூறு மீட்டர் தள்ளி, மைக்குக்கு ரோமப் போர்வை மாட்டி உட்கார்ந்தேன். மூன்று நாளில் உருப்படியாகக் கிடைத்தது பதினொரு நிமிடம். மற்ற எல்லாவற்றிலும் லாரிகளின் ஏர்ஹாரன். அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரு விசில் இருந்தது. சுரங்கத்தை நெருங்கும்போது கொடுத்த நீண்ட விசில். அது முடிந்து, ஒரு கணம் ஒன்றுமில்லாமல், பிறகு எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அந்த எதிரொலியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பலகையில் எதிர்ச் சரிவு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், நிஜத்தில் அது 87 மீட்டர். ஒலி போய்த் திரும்ப 174 மீட்டர். ஏறத்தாழ அரை நொடி. என் பதிவில் எதிரொலி அதைவிடத் தாமதமாக வந்தது. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தாக்கும் காதுக்குத் தெரியும் பள்ளத்தாக்கும் வேறுபடாதபடி அதை வெட்டி அரை நொடிக்குக் கொண்டுவந்தேன். டிகோடரில் இப்போது எஃப்2 பொத்தானில் ஸ்டேஷன் விசில், எஃப்9-இல் பள்ளத்தாக்கு விசில். குன்னூர் யார்டில் எஃப்9 அடித்தால் டிரைவரண்ணா திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். நண்பருக்கு அது போதும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் பட்ட பாடு தனி. எஞ்சினுக்குள் இடம் இல்லை. கிடைப்பது 11-க்கு 15 மில்லிமீட்டர் அளவில், சர்க்கரைக் கட்டி என்று சொல்லும் சின்ன ஸ்பீக்கர். அதை வெறுமனே ஒட்டிவைத்தேன். கொசு பாடியது. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்கத்தைக் காற்றுப் புகாத ஒரு சின்னப் பெட்டியால் மூட வேண்டும். சினிமா தியேட்டர் ஸ்பீக்கர்களில் எனக்குத் தெரிந்த பாடம்தான், கடுகளவு ஸ்பீக்கருக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை. பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி செய்து, ஓரங்களை அடைத்த அந்த நிமிடமே குரல் வந்தது. பெட்டியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மறுபடி கொசுதான்.

இவ்வளவு செய்தும் அடிக்குரல் வராது. 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த ஸ்பீக்கரால் ஒன்றும் செய்ய முடியாது. முயன்றால் கிழிந்த சத்தம்தான் வரும். எனவே அதற்குப் போகும் ஒலியில் கீழ்ப்பகுதியை வெட்டினேன். கீழ்ப்பகுதியைப் பலகைக்கு அடியில் வைத்த ஆறு அங்குல ஸ்பீக்கரிடம் கொடுத்தேன். மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. எஞ்சினிலிருந்து வருவதாகவே மனம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அடியில் வரும் ‘தும்’மும் எஞ்சினில் வரும் ‘சுஃப்’பும் ஒரு மயிரிழை பிசகினாலும் இரண்டு எஞ்சின் ஓடுவதுபோல் ஆகிவிடுகிறது. பல வாரம் முயன்று, கடைசியில் தாளத்தை அடியில் கொடுப்பதை விட்டுவிட்டேன். பர்னரின் உறுமலை மட்டும், காதுக்குத் தெரிவதும் தெரியாததுமான அளவில் கொடுக்கிறேன். அதை நிறுத்தினால்தான் அது இருந்தது தெரியும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஜல்லியை ஒட்ட நண்பர் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். காய்ந்ததும் அது கல்லாகிவிடும். தண்டவாளத்தின் அதிர்வு ஜல்லி வழியாகப் பலகைக்கு இறங்கி, பலகை முழுவதும் தவில்போல அதிரும். அடியில் கார்க் போட்டிருந்தும் பயனில்லை, பசை கார்க்கைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஹில்குரோவ் பகுதியில் மட்டும் அத்தனையையும் சுரண்டி எடுத்து, காய்ந்த பிறகும் ரப்பர்போல நெகிழ்ந்திருக்கும் லேடெக்ஸ் பசையால் மறுபடி ஒட்டினோம். பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. அதன் பிறகுதான் எஞ்சினின் ஒலியைக் காலளவுக்குக் குறைக்க முடிந்தது. கடையிலிருந்து வரும் டிகோடர்கள் எல்லாமே மிகச் சத்தமாகவே வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு குறையுங்கள்.

இன்னொன்று, தண்டவாள அழுக்கு. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு கணம் தொடர்பு விட்டாலும், எஞ்சின் ஓட்டத்தில் தாண்டிவிடும். ஆனால் சத்தம் நின்று, டிகோடர் முதலிலிருந்து தொடங்கும். மலையேறும் நடுவில் எஞ்சின் விக்கும். டிகோடரோடு ஒரு பெரிய கெபாசிடரை இணைத்தால் அந்த ஒரு கணத்தைத் தாங்கிக்கொள்ளும். இடமில்லாததால் அதை எஞ்சினை ஒட்டிய பெட்டிக்குள் வைத்து, மெல்லிய வயரால் இணைத்தோம். நீலகிரியில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அதனால் அந்தப் பெட்டியும் எஞ்சினும் எப்போதும் பிரியாமல் இருப்பது பார்வைக்கு உறுத்தவில்லை. குன்னூரில் எஞ்சின் மாற்றும்போது மட்டும் நண்பர் சிரமப்படுகிறார்.

குன்னூருக்கு மேலே டீசல். மாதிரி ரயிலில் சத்தம் சேர்க்கிற பலரும் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. நீராவி எஞ்சினின் மூச்சு சக்கரத்தோடு கட்டுண்டது, டீசலுக்கு அப்படியில்லை. ஒய்டிஎம்-4 எஞ்சினில் ஆறு சிலிண்டர் ஆல்கோ இயந்திரம். டிரைவர் எட்டு நாட்ச் வரை கூட்டலாம். முதலில் இயந்திரம் உறுமும், வண்டி நிற்கும். பிறகு மெல்ல நகரும். வேகம் பிடித்ததும் நாட்சைக் குறைப்பார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் அடங்கும். வண்டி வேகமாகப் போனால் சத்தம் கூட வேண்டும் என்று வைத்துவிட்டால் அது ஆட்டோரிக்‌ஷா. நிற்கும்போதும் ஆல்கோவின் துடிப்பு சீராக இருக்காது. வயதானவர் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல இடைவெளி கூடிக் குறையும். குன்னூர் பிளாட்பாரத்தில் முக்கால் மணி நேரம் அதை மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

கேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் அந்த மூலையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) கடைசிக் காட்சி அந்த ஸ்டேஷனில் எடுத்தது. அங்கே நான் என்ன சத்தம் வைப்பது என்று வெகுநாள் யோசித்தேன். மழை வைக்கலாம் என்றார் நண்பர். வேண்டாம் என்றேன். பார்க்கிறவர்களின் நெஞ்சிலேயே அந்த மழை பெய்துகொண்டிருக்கிறது. காற்றும், தூரத்தில் நிற்கும் டீசலின் துடிப்பும் மட்டும் வைத்தேன்.

ஸ்டேஷன்களின் பின்னணி ஒலிக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிஎஃப்பிளேயர் மினி என்ற குட்டி எம்பி3 பலகை மூன்று, ஒரு ஆர்டுயினோ, வண்டி வருவதை அறிய அகச்சிவப்பு சென்சார்கள். அந்தக் குட்டிப் பலகைக்குக் கட்டளை போகும் கம்பியில் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்காவிட்டால் ‘கிர்’ரென்று ஒரு இரைச்சல் நிற்காது, நான் இரண்டு நாள் அதோடு போராடினேன். தண்டவாளத்து மின்சாரத்திலிருந்தே இதற்கும் எடுக்காமல் தனி சப்ளை கொடுப்பதும் நல்லது.

ஹில்குரோவ் எனக்குப் பிடித்த இடம். நிஜத்தில் வண்டி அங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும். குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழும் சத்தம் தொடக்கத்தில் வெறும் தகரத்தில் விழுவதுபோல ஓங்கி ஒலித்து, நிரம்ப நிரம்பத் தடித்து, கடைசியில் வழிந்து தரையில் கொட்டும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். குரங்குகள் பெட்டிக் கூரையில் தடதடவென ஓடும். விசில். வண்டி கிளம்பிப் போய்விடும். அதற்குப் பிறகு வருவதுதான் நான் அந்த மலையிலிருந்து கொண்டுவந்தவற்றில் சிறந்தது. எஞ்சினின் மூச்சு வளைவுக்கு வளைவு மறைந்து, மறுபடி கேட்டு, மறுபடி மறைந்து, எது கடைசி மூச்சு என்று தெரியாமலே முடிந்துபோகும். சிள்வண்டுகள் இருந்தது அப்போதுதான் தெரிகிறது. ஒரு சீகாரப் பூங்குருவி, மனிதன் வாயால் விசிலடிப்பதுபோல, ராகம் தெரியாமல் பாடத் தொடங்குகிறது.

இதை மாதிரியில் வைக்க ஒரு தந்திரம் தேவைப்பட்டது. ஒரே துண்டைச் சுழலவிட்டால், மூன்றாம் சுற்றிலேயே காது அந்தக் குருவியை அடையாளம் கண்டு காத்திருக்கத் தொடங்கிவிடும். அதனால் சிள்வண்டுகள் 71 நொடித் துண்டு, காற்றும் நீரோடையும் 47 நொடித் துண்டு என்று தனித்தனியாக வைத்தேன். இரண்டும் சேர்ந்து தொடங்கிய நிலைக்குத் திரும்ப 55 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை யாரும் அங்கே நிற்பதில்லை. குருவியைச் சுழலில் போடவே இல்லை. வண்டி போனபின் நாற்பது நொடி கழித்து, ஐந்து தடவைக்கு ஒரு தடவை மட்டும் அது பாடும். அந்த நாற்பது நொடி அடுத்த வண்டியை ஓட்டக் கூடாது என்பது அறையில் ஒரு சட்டம். நண்பருக்கு முதலில் கை பரபரத்தது. இப்போது அவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

எல்லாம் முடிந்து டிரைவரண்ணாவை மறுபடி கூப்பிட்டோம். பழைய இடத்திலேயே நின்று, பழையபடி கண்ணை மூடினார். வண்டி கல்லாரில் பல் பிடித்தது. மூச்சு மாறியது. நண்பர் எஃப்9 அழுத்தினார். விசில் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது. அண்ணா கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். “பர்லியார் ரோட்டு மேல நிக்கறேனுங்க. வண்டி அந்தப் பக்கம் போகுது.” பலகையைப் பார்த்தேன். அவர் கை காட்டிய இடத்தில்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது.

ஓர் ஆசை மிச்சமிருக்கிறது. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்சாரத்தில் ஓடிய மீட்டர்கேஜ் வண்டியை நண்பர் அடுத்துக் கட்டுகிறார். அது 2004-இல் நின்றுவிட்டது. அந்த வண்டியில் எத்தனை ஆயிரம் முறை போயிருப்பேன்! தோளில் ரெக்கார்டர் தொங்கிய நாட்களிலும் போயிருக்கிறேன். ஒரு நொடிகூடப் பதிவு செய்து வைக்கவில்லை. தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய மற்ற நீராவி எஞ்சின்களின் ஒலியும் என்னிடம் இல்லை. யார் வீட்டிலாவது இருக்கும். பிள்ளையின் மழலையையோ, பாட்டியின் பாட்டையோ பதிவு செய்த கேசட்டில் பின்னால் ஒரு வண்டி போயிருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பரணில் இருக்கும் கேசட்டுகளை ஒரு முறை எடுத்துக் கேளுங்கள். கேட்டால், எந்த ஊர், எந்த வருடம், வீடு தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மேலட்டையில் எழுதி வையுங்கள். தூரத்தை மட்டும் எழுத மறந்துவிடாதீர்கள்.